பாட்டியின் முட்டிக்குள் போடும் ஊசி... உள்ளே போய் என்ன செய்யுது?

"முட்டி வலி தாங்கல, ஊசி போட்டுக்கிட்டு வந்தேன்." உங்க வீட்டுல பாட்டியோ அம்மாவோ இப்படிச் சொன்னா, அடுத்ததா நீங்க ஒரு கேள்வி கேட்கணும். "ஊசியை எங்க போட்டாங்க? இடுப்புலயா, முட்டிக்குள்ளயா?"

கேட்கச் சின்னக் கேள்விதான். ஆனா இந்த இரண்டும் முற்றிலும் வேறு வேறு சிகிச்சைகள். இடுப்பில் போடுவது பெரும்பாலும் வலி நிவாரணி. அது ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகும், சில மணி நேரம் வலியை மறைக்கும். முட்டிக்குள் போடுவது, மூட்டின் உள்ளறைக்கே மருந்தை நேராக அனுப்பும் முறை. அதிலும் ஒரே மருந்து கிடையாது. நான்கு விதமான சரக்குகள் இன்று புழக்கத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வேலை வேறு, ஆதாரம் வேறு, செலவும் வேறு.

உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏரிப் பாசனமும் நெல்லுமாக இருக்கிற ஊர். சேற்றில் குனிந்து நடவு, குத்துக்காலிட்டுக் களையெடுப்பு, வீட்டில் தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் காய் நறுக்குவது, இந்தியன் டாய்லெட் என்று முட்டிக்கு ஓய்வே இல்லாத வாழ்க்கை. மாவட்டத்தின் இன்னொரு அடையாளமான கைத்தறியிலும், குழித்தறியில் உட்கார்ந்து நாள் முழுக்க மிதிப்பதுதான் வேலை. ஐம்பது வயதைத் தாண்டிய பலரும் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பதில் ஆச்சர்யம் இல்லை. இந்தியாவில் ஐந்து இடங்களில் நடத்தி 2016-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பங்கேற்றவர்களில் 28.7 சதவிகிதம் பேருக்கு முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது. உலக அளவில் 2020-ல் சுமார் 59.5 கோடிப் பேர் ஏதாவது ஒரு மூட்டில் இந்தப் பிரச்னையோடு வாழ்ந்தார்கள்.

அதனால, உங்க வீட்டுப் பெரியவர்களை டாக்டரிடம் கூட்டிப்போகும் முன்பு, அந்த ஊசி உள்ளே போய் என்ன செய்யும் என்பதை நீங்க தெரிஞ்சுக்கறது நல்லது. பணத்தைக் கட்டப்போறதும் பெரும்பாலும் நீங்கதானே!

மூட்டுக்குள்ள என்னதான் இருக்கு?

தொடை எலும்பும் கால் எலும்பும் சந்திக்கும் இடத்தில், இரண்டு எலும்பு முனைகளின் மேலும் வழவழப்பான ஒரு போர்வை இருக்கிறது. அதுதான் குருத்தெலும்பு. சில மில்லிமீட்டர் தடிமன்தான். தண்ணீரில் ஊறிய பஞ்சு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கொலாஜன் என்ற நார் வலை பின்னியிருக்க, அதற்குள் அக்ரிகன் என்ற மூலக்கூறுகள் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். நீங்கள் நடக்கும்போது அந்தத் தண்ணீர் அழுந்தி வெளியேறும், காலைத் தூக்கும்போது திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அதிர்ச்சி தாங்குவது இப்படித்தான்.

மூட்டைச் சுற்றி ஒரு பை இருக்கும். அந்தப் பையின் உள் உறைக்கு சைனோவியம் என்று பெயர். மூட்டுத் திரவத்தைச் சுரப்பது இந்த உறைதான். ஆரோக்கியமான மூட்டுத் திரவம் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி கொழகொழவென இருக்கும். அளவு சில மில்லிதான். அந்தக் கொழகொழப்புக்குக் காரணம் ஹையலூரானிக் அமிலம்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். குருத்தெலும்புக்கு நரம்பும் கிடையாது, ரத்தக்குழாயும் கிடையாது. அதாவது, அது தேய்வதால் நேரடியாக வலிக்காது. சேதமானால் தன்னைத்தானே சரிசெய்துகொள்வதும் மிகக் கடினம். அப்படின்னா வலி எங்கிருந்து வருது? சைனோவியம் உறை, மூட்டுப்பை, குருத்தெலும்புக்கு அடியில் இருக்கும் எலும்பு, சுற்றியுள்ள தசைநார்கள்... நரம்புகள் நிறைந்த இந்த இடங்களில் இருந்துதான்.

எக்ஸ்-ரேயில் மோசமாகத் தேய்ந்த முட்டியோடு ஒருவர் சைக்கிள் மிதிப்பதும், லேசாகத் தேய்ந்தவர் நடக்கவே முடியாமல் தவிப்பதும் இதனால்தான். எக்ஸ்-ரே தேய்மானத்தைக் காட்டும், வலியைக் காட்டாது.

தேய்மானம்னா வெறும் தேய்மானம் இல்லை

செருப்பு தேய்வதுபோல மூட்டும் தேய்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உள்ளே நடப்பது அதைவிடக் கொஞ்சம் சிக்கலானது.

குருத்தெலும்பு நைந்து அதன் துணுக்குகள் திரவத்தில் மிதக்க ஆரம்பித்ததும், சைனோவியம் உறை எரிச்சலடைகிறது. அங்கே நோய் எதிர்ப்பு செல்கள் வந்து சேரும். அவை வெளியிடும் இன்டர்லூக்கின்-1 போன்ற ரசாயனச் செய்திகள், குருத்தெலும்பில் உள்ள செல்களையே திசைதிருப்புகின்றன. வலையைப் பின்ன வேண்டிய செல்கள், வலையை அறுக்கும் நொதிகளைச் சுரக்கத் தொடங்கும். வலை அறுந்தால் இன்னும் துணுக்குகள், இன்னும் எரிச்சல். ஹையலூரானிக் அமிலமும் துண்டு துண்டாக உடைந்து, கொழகொழ திரவம் நீர்த்துப்போகும். அடியில் உள்ள எலும்பு தடித்து, ஓரங்களில் முள்போல வளரும்.

ஆக, ஒரு பக்கம் தேய்மானம், மறுபக்கம் மெல்லப் புகையும் அழற்சி. மூட்டு ஊசிகள் எல்லாமே இந்தச் சுழற்சியில் ஏதோ ஓர் இடத்தில் கைவைக்கத்தான் பார்க்கின்றன.

1. ஸ்டீராய்டு ஊசி: விறகை வெளியே இழுப்பது

மூட்டு ஊசிகளில் மூத்தது இதுதான். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த மருத்துவர் ஜோசஃப் ஹாலண்டர், மூட்டுக்குள் ஹைட்ரோகார்ட்டிசோன் செலுத்திய முடிவுகளை 1951-ல் வெளியிட்டார். இன்று ட்ரையம்சினோலோன், மெத்தில்பிரெட்னிசோலோன் போன்ற மருந்துகள் பயன்படுகின்றன.

திசுவில் என்ன நடக்கிறது? மருந்து சைனோவியம் செல்களுக்குள் நுழைந்து, அங்குள்ள ஏற்பியோடு ஒட்டிக்கொண்டு செல்லின் கருவுக்கே போகிறது. அழற்சி ரசாயனங்களைத் தயாரிக்கச் சொல்லும் மரபணுக்களை அடக்கி வைக்கிறது. உறையின் வீக்கம் குறையும், கசியும் நீர் குறையும், நரம்புகளைச் சீண்டுவது குறையும். கொதிக்கிற உலையின் அடியில் இருந்து விறகை வெளியே இழுப்பது மாதிரி. கொதி அடங்கும். ஆனா ஓட்டைப் பானை ஓட்டைப் பானையாகவேதான் இருக்கும்.

பலன் எவ்வளவு நாள்? 27 ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் வந்த காக்ரேன் அலசலில், முதல் சில வாரங்களில் வலி ஓரளவு குறைந்தது. ஆறு மாதத்தில் அந்தப் பலன் தெரியவில்லை. தொகுக்கப்பட்ட ஆய்வுகளின் தரமே குறைவு என்றும் அந்த அலசல் சொன்னது.

அடிக்கடி போட்டால்? 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், 140 பேரில் பாதிப் பேருக்கு ஸ்டீராய்டும் மீதிப் பேருக்கு உப்பு நீரும் 12 வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு வருடங்களுக்குப் போட்டார்கள். முடிவில் வலியில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் ஸ்டீராய்டு போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு அதிகம் மெலிந்திருந்தது. அதனால்தான் ஒரே மூட்டில் மூன்று மாத இடைவெளிக்குள் திரும்பப் போடுவதை மருத்துவர்கள் தவிர்க்கிறார்கள்.

2. ஹையலூரானிக் அமில ஊசி: வண்டி அச்சுக்கு மசகு

'ஜெல் ஊசி', 'எண்ணெய் ஊசி' என்று பேச்சுவழக்கில் சொல்வது இதைத்தான். 1934-ல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டின் கண்ணில் இருந்து பிரித்தெடுத்த பொருள் இது. இன்று சேவல் கொண்டையில் இருந்தோ, பாக்டீரியாக்களை வளர்த்தோ தயாரிக்கிறார்கள். பறவைப் புரதம் ஒத்துக்கொள்ளாதவர்களும் சைவம் மட்டுமே ஏற்பவர்களும், எதிலிருந்து தயாரித்தது என்று முன்கூட்டியே கேட்டுவிடலாம்.

யோசனை எளிது. நீர்த்துப்போன திரவத்துக்குக் கொழகொழப்பைத் திருப்பித் தருவது, மாட்டு வண்டி அச்சுக்கு மசகு போடுவதுபோல. ஆனால் ஊசியில் போகும் அமிலம் மூட்டில் நெடுநாள் தங்குவதில்லை, சில நாள்களிலேயே பெரும்பகுதி வெளியேறிவிடும். செல்களின் மேல் உள்ள சி.டி.44 என்ற ஏற்பியில் ஒட்டி அழற்சியைக் கொஞ்சம் தணிக்கலாம் என்பது இதற்குச் சொல்லப்படும் இன்னொரு விளக்கம்.

169 ஆய்வுகள், 21,000-க்கும் அதிகமானோரின் தரவுகளை வைத்து 2022-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த அலசல் என்ன சொன்னது தெரியுமா? வலி குறைகிறது, ஆனால் நோயாளி உணரும் அளவுக்கு அந்த வித்தியாசம் பெரிதல்ல. அதே வருடம் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, மூட்டுத் தேய்மானத்துக்கு இந்த ஊசியைத் தர வேண்டாம் என்று வழிகாட்டியது. சிலருக்குப் பலன் கிடைப்பதாக நம்பும் மருத்துவர்கள் இன்றும் இதைப் போடுகிறார்கள். விலை அதிகம் என்பதால், போடும் முன்பு இதையெல்லாம் பேசித் தெளிந்துகொள்வது உங்க உரிமை.

3. பி.ஆர்.பி.: உங்க ரத்தமே மருந்து

இன்ஸ்டாகிராம் விளம்பரங்களில் அடிக்கடி வருவது இது. நோயாளியின் கையில் இருந்து ரத்தம் எடுத்து, இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த மஞ்சள் நிறப் பகுதியைப் பிரித்து முட்டிக்குள் செலுத்துவார்கள்.

தட்டணுக்கள் என்றால் ரத்தத்தை உறைய வைப்பவை என்று மட்டும்தான் நமக்குத் தெரியும். அவற்றுக்குள் வளர்ச்சிக் காரணிகள் என்ற புரதங்கள் மூட்டை மூட்டையாக இருக்கின்றன. காயம் ஆறும் இடத்தில் செல்களை வேலைக்கு அழைப்பவை இவைதான். மூட்டுக்குள்ளும் இவை அழற்சியைத் தணித்து, குருத்தெலும்பு செல்களைத் தூண்டும் என்பது எதிர்பார்ப்பு. ஆய்வுக்கூடத்தில் செல்களின் மீது செய்த சோதனைகளில் அப்படி நடக்கிறது.

மனித முட்டியில்? 2021-ல் ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடந்த ஆய்வில், ஒரு பிரிவுக்குப் பி.ஆர்.பி., மறு பிரிவுக்கு வெறும் உப்பு நீர். வாரம் ஒன்று என மூன்று ஊசிகள். ஒரு வருடம் கழித்து வலியிலும் சரி, குருத்தெலும்பின் அளவிலும் சரி, குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பலன் இருப்பதாகச் சொல்லும் சிறிய ஆய்வுகளும் உண்டு. தயாரிக்கும் முறை இடத்துக்கு இடம் மாறுவதால், ஓர் இடத்தின் முடிவை இன்னோர் இடத்துக்குப் பொருத்துவதே கஷ்டம்.

4. ஸ்டெம் செல்: பெங்களூரில் இருந்து ஒரு மருந்து

'குருத்தெலும்பு மறுபடி வளரும்' என்ற வாக்குறுதியோடு வருவது இது. இதில் இந்தியாவுக்கே ஒரு கதை இருக்கிறது. பெங்களூரின் ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனம், நன்கொடையாளர்களின் எலும்பு மஜ்ஜையில் இருந்து வளர்த்த செல்களைக் கொண்டு உருவாக்கிய 'ஸ்டெம்பியூசெல்', முழங்கால் தேய்மானத்துக்கு 2022-ல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி பெற்றது. 146 பேரிடம் நடந்த மூன்றாம் கட்ட ஆய்வில், ஒரு வருடத்தில் வலியும் நடமாட்டமும் மேம்பட்டதாக முடிவு வந்தது. நடுத்தர நிலைத் தேய்மானத்துக்குத்தான் இந்த மருந்து.

இன்னொரு பக்கத்தையும் பார்க்கணும். அமெரிக்காவில் 475 பேரை வைத்து மூன்று வகை செல் சிகிச்சைகளை ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்ட ஆய்வு 2023-ல் வெளியானது. ஒரு வருட முடிவில் எந்த செல் சிகிச்சையும் ஸ்டீராய்டை முந்தவில்லை.

இந்தச் செல்கள் புதுக் குருத்தெலும்பாக மாறி ஒட்டிக்கொள்வதில்லை, அழற்சியைத் தணிக்கும் ரசாயனங்களை வெளியிட்டுவிட்டு மறைந்துவிடுகின்றன என்றே ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். எனவே 'ஒரே ஊசியில் மூட்டு புதுசாகிடும்' என்று யாராவது சொன்னால், அனுமதி பெற்ற மருந்துதானா என்று எழுத்தில் கேளுங்க.

உப்பு நீரும் வேலை செய்யுதே, எப்படி?

கவனித்தீர்களா, மேலே சொன்ன ஆய்வுகளில் உப்பு நீர் வந்துகொண்டே இருக்கிறது. உப்பு நீர் போட்டவர்களுக்கும் வலி நன்றாகவே குறைந்தது. ஊசி என்ற நம்பிக்கை, மருத்துவர் நேரம் ஒதுக்கிப் பார்த்தது, வலி தானாகவே ஏறி இறங்கும் இயல்பு எல்லாம் சேர்ந்து தரும் நிம்மதி அது. பாட்டி "நல்லா இருக்கு"ன்னு சொன்னா அது பொய் இல்லை. ஆனா அந்த நிம்மதிக்கு எவ்வளவு பணம் கொடுக்கறோம் என்பதுதான் கேள்வி.

யாருக்கு உஷார் தேவை?

சர்க்கரை நோயாளிகள்: ஸ்டீராய்டு மூட்டில் போட்டாலும் கொஞ்சம் ரத்தத்தில் கசியும். சில நாள்களுக்குச் சர்க்கரை ஏறும். இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல் சொன்னது. நம்ம வீட்டில் முட்டி வலியும் சர்க்கரையும் ஒரே ஆளுக்கு இருக்கும் வாய்ப்பு அதிகம். ஊசிக்குப் பின் ஒரு வாரம் அளவைக் கவனியுங்க.

மூட்டிலோ மேல்தோலிலோ கிருமித் தொற்று இருப்பவர்கள்: ஊசி கூடவே கூடாது.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள்: டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மாத்திரையை நீங்களே நிறுத்தாதீங்க.

மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தவர்கள்: அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் ஊசி போட்டால் அறுவை சிகிச்சையில் தொற்று ஆபத்து கூடும்.

நோய் எதுவென்றே உறுதியாகாதவர்கள்: எல்லா முட்டி வலியும் தேய்மானம் கிடையாது. 2006-ல் தமிழகத்தைப் படுக்கப் போட்ட சிக்குன்குனியா பலருக்கு மாதக்கணக்கில் மூட்டு வலியை விட்டுச் சென்றது. முடக்குவாதம், யூரிக் அமிலப் பிரச்னை என்றால் சிகிச்சையே வேறு.

இன்னொன்றும் இருக்கிறது. ஊருக்குள் முறையான படிப்பில்லாதவர்கள் 'முட்டி வலி ஊசி' என்று இடுப்பில் போடுவது, பெயர் இல்லாத பொடி கொடுப்பது. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் முதல் நாளே சுகம் தெரியும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் முகம் உப்பும், சர்க்கரையும் பி.பி.யும் ஏறும், எலும்பு பலவீனமாகும். வலி நிவாரணியாக இருந்தால் வயிற்றுப்புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். மருந்தின் பெயரை எழுதித் தராத இடத்தில் ஊசியே வேண்டாம்.

ஊசி போடும் நாளில்...

சில நிமிட வேலைதான். படுக்க வைத்து, தோலைக் கிருமிநாசினியால் சுத்தம் செய்வார்கள். முட்டியில் நீர் கோத்திருந்தால் முதலில் அதை உறிஞ்சி எடுப்பார்கள். பிறகு மருந்து, பல நேரங்களில் மரத்துப்போகச் செய்யும் மருந்தோடு சேர்த்து. சில இடங்களில் ஸ்கேன் பார்த்தபடியே போடுவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஓரிரு நாள் வயல் வேலை, மாடிப்படி, பாரம் தூக்குவது வேண்டாம். வீட்டுக்குள் நடக்கலாம். ஸ்டீராய்டு போட்ட சிலருக்கு முதல் இரண்டு நாள் வலி கூடித் தணியும். ஐஸ் ஒத்தடம் போதும். ஆனா காய்ச்சல், முட்டி சிவந்து சூடாவது, வலி ஏறிக்கொண்டே போவது, காலை அசைக்கவே முடியாமல் போவது இவற்றில் ஏதாவது தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீங்க. மூட்டுக்குள் தொற்று அரிதுதான், ஆனால் வந்தால் அவசர சிகிச்சை தேவை. 108-க்கு அழையுங்க.

ஊசி திறக்கும் கதவு

2020-ல் அமெரிக்காவில் 156 பேரிடம் நடந்த ஆய்வு, ஸ்டீராய்டு ஊசியையும் இயன்முறை சிகிச்சையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. ஒரு வருடம் கழித்து, இயன்முறை சிகிச்சை எடுத்தவர்களுக்கே வலி குறைவு, நடமாட்டமும் மேல்.

காரணம் புரிஞ்சுக்க முடியும். தொடைத் தசை வலுவாக இருந்தால், மூட்டில் விழும் சுமையை அது வாங்கிக்கொள்ளும். வலி இருக்கும்போது பாட்டி நடப்பதைக் குறைப்பார், தசை இளைக்கும், சுமை முழுக்க மூட்டில் விழும், வலி கூடும். ஊசி தரும் சில வார நிம்மதியை, இந்தச் சுழலை உடைக்கப் பயன்படுத்த வேண்டும். நிம்மதி கிடைச்சதேன்னு மறுநாளே நடவுக்குப் போனா, ஊசி வீண்.

* நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, 5 எண்ணும் வரை பிடித்து இறக்குங்கள். ஒரு காலுக்கு 10 முறை, தினம் இரண்டு வேளை.
* உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முட்டியின் சுமை சுமார் நான்கு கிலோ குறையும்.
* கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும்.
* களையெடுக்க, காய் நறுக்க, துணி துவைக்க ஒரு சின்ன முக்காலி. கழிப்பறையில் நாற்காலி வசதி.

எங்கே போகலாம்?

உத்திரமேரூர்க்காரர்கள் உள்ளூர் அரசு மருத்துவமனையில் தொடங்கலாம். எலும்பு மூட்டு நிபுணரைப் பார்க்கக் காஞ்சிபுரம் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இரண்டும் எட்டும் தூரம்தான். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்க. மூட்டு முற்றிலும் தேய்ந்துவிட்டால், எந்த ஊசியும் அதற்கு ஈடாகாது. அப்போது அறுவை சிகிச்சைதான் வழி. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது.

டாக்டரிடம் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. இது தேய்மானம்தானா, வேறு மூட்டு நோயா?
2. ஊசியில் என்ன மருந்து? பெயரை எழுதித் தருவீங்களா?
3. எத்தனை வாரம் பலன் எதிர்பார்க்கலாம்?
4. அடுத்த ஊசி எப்போது? வருடத்துக்கு அதிகபட்சம் எத்தனை?
5. சர்க்கரை, பி.பி. மாத்திரைகளில் மாற்றம் வேண்டுமா?
6. கூடவே என்ன பயிற்சி செய்யணும், யார் சொல்லித் தருவாங்க?

இந்த ஆறையும் போனில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க. அடுத்த முறை பாட்டியோடு போகும்போது, டாக்டர் முன்னாடி கேட்கத் தயங்கற அவங்களுக்காக நீங்க கேளுங்க.